1908 அமோய் வரவேற்பைப் பற்றி வரலாற்று ஒப்படை எழுதும் முறை

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் மாணவர் ஒருவர், அமெரிக்கப் போர்க்கப்பல்களைச் சீன அரசு அமோய் (இன்றைய சியாமென்) துறைமுகத்தில் வரவேற்ற நிகழ்வை ஒப்படைக்குத் தெரிவு செய்தால், விருந்து, அலங்காரப் பந்தல் பற்றிய வருணனைகளை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு காலவரிசையை எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த வரிசை 1882ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே சரி. சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறியது. அச்சட்டத்தின் மீதான கோபமே 1905இல் சீன நகரங்களில் அமெரிக்கப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கமாக வெடித்தது. தோட்டத் தொழிலாளராகக் கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இதன் கனத்தை விளக்கத் தேவையில்லை. ஆயினும் இதனை இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்துடன் அப்படியே இணைத்துவிடக் கூடாது: முன்னையது முதன்மையாகப் புதிதாக வருவோரைத் தடுத்தது, பின்னையதோ இங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தவர்களின் உரிமையைப் பறித்தது. இவ்வேறுபாட்டை ஒரு பந்தியில் தெளிவாக எழுதுவது ஒப்படைக்கு வலுச் சேர்க்கும்.

அடுத்து, வந்தவர் யார், வரவேற்றவர் யார் என்று பாருங்கள். உலகைச் சுற்றிவர ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அனுப்பிய 16 போர்க்கப்பல்களில் எட்டு மட்டுமே, ரியர் அட்மிரல் வில்லியம் எமரியின் தலைமையில், 1908 ஒக்டோபர் 30ஆம் திகதி அமோய்க்கு வந்தன. பெய்ஜிங் அரசின் சார்பில் இளவரசர் யூலாங்கும், வெளிவிவகார அதிகாரி லியாங் துன்யானும் அவர்களை வரவேற்றனர். இவ்விருவருள் லியாங்கின் வாழ்க்கையையே நான் முக்கியமாகக் கருதுவேன். சிறுவர்களை அமெரிக்காவில் படிக்க அனுப்ப 1872இல் தொடங்கிய சீன அரசுத் திட்டத்தின் கீழ் சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று, யேல் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அவர். தம் நாட்டுத் தொழிலாளரை உள்ளே விடாத நாட்டின் கடற்படைக்கு, அந்நாட்டிலேயே படித்த ஒருவர் விருந்தளித்தார் என்பதை விடச் சிறந்த தொடக்கம் கட்டுரைக்குக் கிடைப்பது அரிது.

பின்னர் நோக்கங்களைப் பிரித்து எழுதுங்கள். ஜப்பானுக்கு எதிராக அமெரிக்காவின் ஆதரவு கிடைக்கும் என்று சீன அதிகாரிகள் எதிர்பார்த்தனர். நவம்பர் 14, 15ஆம் திகதிகளில் சீனாவின் குவாங்சூ பேரரசரும், ஆட்சியை நடத்திவந்த பேரரசித் தாய் சிக்ஸியும் அடுத்தடுத்து மறைந்ததால், வரவேற்பை அளித்த அரசின் தலைமையே மாறிப்போனது. நவம்பர் 30ஆம் திகதி பசிபிக் பகுதியில் ஒருவர் உடைமைகளை மற்றவர் மதிப்பதாக அமெரிக்காவும் ஜப்பானும் ரூட்–தக்காஹிரா உடன்பாட்டைச் செய்துகொண்டன. வரவேற்பு முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் அந்த எதிர்பார்ப்பு பொய்த்துப்போனதை இத்திகதிகளே காட்டிவிடும். ஆகவே ‘நட்புறவு மலர்ந்தது’ என்ற வழக்கமான வாக்கியத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சான்றுகளைத் தேடும்போது இலங்கையையும் மறக்க வேண்டாம். அதே கப்பற்படை 1908 டிசம்பர் 13ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. எனவே கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால், அம்மாதத்து ஆங்கிலப் பத்திரிகைகளைக் கேட்டுப் பார்த்து, நாளையும் பக்க எண்ணையும் குறிப்பேட்டில் உடனே பதிந்துகொள்ளுங்கள்.