சைரன் அடித்தால் போதுமா? அலாரச் செய்தி போனில் போய்ச் சேருகிறதா என்று சோதிக்கும் முறை

கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளில் அலாரம் பூட்டுவதும் திருத்துவதும்தான் என் தொழில். முதலாளிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "தம்பி, சைரன் நல்லாச் சத்தமா அடிக்கும்தானே?" அடிக்கும். ஆனால் கடைகள் பூட்டிய பிறகு அந்தத் தெருவில் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? அலாரம் பெட்டி போன் லைனில் அனுப்பும் செய்தியை வாங்கிப் பார்க்கும் கண்காணிப்பு நிலையத்துக்கு அது போனதா என்பதுதான் முக்கியம். அதை நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் நிலையத்துக்கு அழைத்து, சோதனை செய்யப்போவதாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பொலிசின் 119க்கு எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது வயர். தெருவிலிருந்து வரும் லைன் முதலில் அலாரம் பெட்டிக்குள் போய், அங்கிருந்துதான் கடைப் போனுக்குப் போக வேண்டும். கடைப் போனில் யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போதே அலாரத்தைக் கிளப்புங்கள். பேச்சு அந்த இடத்திலேயே அறுந்து, பெட்டி லைனைப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து பேச முடிந்தால் வயர் பிழை. கள்ளன் ரிசீவரைத் தூக்கிப் போனுக்கு வெளியே வைத்தாலே போதும், உங்கள் அலாரம் ஊமை.

சரி, இப்போது காதால் கேட்போம். தெருப் பக்க வயரில் சாதாரண போன் ஒன்றைக் கொழுவி, அலாரத்தை மறுபடியும் கிளப்புங்கள். பெட்டி டயல் பண்ணி முடித்ததும் ரிசீவரைத் தூக்கி, பேசும் பக்கத்தைக் கையால் இறுக்கிப் பொத்துங்கள். நிலையம் லைனை எடுத்ததும் இரண்டு குட்டிச் சத்தம் வரும்: 1400 ஹேர்ட்ஸில் ஒன்று, அதைவிடக் கீச்சென்று 2300இல் இன்னொன்று. 'நான் தயார், சொல்' என்பது அதன் பொருள். உடனே பெட்டி 16 இலக்கங்களைப் படபடவென்று அனுப்பும். போனில் இலக்கங்களை அமத்தும்போது கேட்குமே, அதே சத்தம்தான். ஒன்றரை செக்கனில் எல்லாம் முடிந்துவிடும். கடைசியாக நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு செக்கன் நீளத்துக்கு 1400 ஹேர்ட்ஸ் வரும். அந்த நீளச் சத்தம்தான் பற்றுச்சீட்டு. அது வராமல் படபடப்பு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் செய்தி போய்ச் சேரவில்லை.

அந்த 16 இலக்கங்களில் என்ன இருக்கிறது? பெட்டி நிலையத்தோடு பேசும் இந்த இலக்க மொழிக்குக் கொன்டக்ட் ஐடி என்று பெயர். அதில் 4721 18 1 130 01 003 3 என்று வந்தால்: 4721 உங்கள் கணக்கு, 18 செய்தியின் வகை, 1 புதிய சம்பவம் (3 என்றால் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது), 130 களவு, 01 கடையின் பகுதி, 003 மூன்றாவது சென்சர். கடைசி 3 சரிபார்க்கும் இலக்கம். பூச்சியத்தைப் பத்தாக எடுத்து எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், 75 வரும். கூட்டுத்தொகை 15ஆல் மீதியின்றிப் பிரிபட வேண்டும். பிரிபடாவிட்டால் நிலையம் அந்தச் செய்தியை ஏற்காது. தீக்கு 110, கொழும்பு தீயணைப்புப் படையின் இலக்கமும் அதுவே என்பதால் மறக்காது. கரண்ட் போனால் 301, பற்றரி இறங்கினால் 302, வழமையான சோதனைச் செய்தி 602. இந்த 602ஐ ஒவ்வொரு நாளும் அனுப்பும்படி வைத்து, வராத நாளில் உங்களுக்கு அழைக்கும்படி நிலையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெரிய கவலை பைபர், அதாவது செப்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழையில் வரும் போன் லைன். செப்புக் கம்பியில் 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். கடையில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் வேலை செய்யும். பைபரில் அப்படியில்லை. கடைக்குள் இருக்கும் பைபர் பெட்டி அணைந்தால் போனும் அணையும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அலாரம் பெட்டிக்குள் 12 வோல்ட் பற்றரி இருந்து என்ன பயன், செய்தி போக வழியில்லையே! ஆகவே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு முழுச் சோதனையையும் இன்னொரு முறை செய்யுங்கள். பைபர் பெட்டிக்குத் தனி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ஓடவைக்கும் பற்றரிப் பெட்டி) கட்டாயம் வேண்டும். கரண்ட் இருக்கும்போதும் செய்தி விட்டுவிட்டுத்தான் போகிறதென்றால், குரலைச் சுருக்கி அனுப்பும் முறையில் அந்தச் சத்தங்கள் சிதைகின்றன. சுருக்காத ஜி.711 முறைக்கு மாற்றித் தரும்படி போன் கம்பனியிடம் கேளுங்கள்.

நகைக்கடைக்கு ஒரு லைன் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. வெட்டுப்பட்ட லைன் தான் வெட்டுப்பட்டதை எப்படிச் சொல்லும்? மொபைல் சிம் போடும் இரண்டாவது வழியையும் பூட்டுங்கள், சிம்மில் காசு முடியாமல் பாருங்கள். அப்புறம் போன் வயரைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் பொறுத்து நிலையத்துக்கு அழையுங்கள். திரையில் 351, அதாவது போன் லைன் பழுது என்ற செய்தி, விழுந்திருக்கிறதா என்று வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.