பொலோனியா கடற்கரை: மணற்குன்றையும் ரோமானிய ஊரையும் ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

தெற்கு ஸ்பெயினில், தரிஃபா அருகே உள்ள பொலோனியாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டேன். காரணம் காற்று.

படி 1: காற்றைப் பாருங்கள்

மழை இல்லை, வெயில் மிதம் என்று பார்த்துத்தான் முதல் முறை புறப்பட்டேன். அன்று கிழக்கிலிருந்து லெவாந்தே என்ற காற்று வீசியது. மணல் முழங்காலில் ஊசியாய்க் குத்தியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. செல்பேசியில் வரும் வானிலைச் செயலி இதற்குப் போதாது. காற்று நிலவரம் சொல்லும் விண்ட்குரு தளத்தில் தரிஃபாவைத் தேடுங்கள். லெவாந்தே பலமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மேற்குக் காற்றான பொனியெந்தே என்றால் கிளம்பலாம்.

30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அந்த மணற்குன்றை வளர்ப்பதும் இதே லெவாந்தேதான். பின்னால் இருக்கும் பைன் காட்டை அது மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருக்கிறது.

படி 2: போகும் வழி

வாடகைக் கார்தான் நல்லது. தரிஃபாவிலிருந்து காதிஸ் நோக்கி சுமார் 15 கிலோமீட்டர் சென்றதும் இடப்பக்கம் பிரியுங்கள்.

படி 3: காலையில் இடிபாடுகள்

பாயெலோ கிளாவுதியா என்ற ரோமானிய ஊரின் இடிபாடுகளில் நிழல் கிடையாது; திறந்தவுடன் நுழைந்துவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. பலரும் மன்றத்தையும் தூண்களையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கடலோரம் இறங்கி மீன் தொட்டிகளைக் கட்டாயம் பாருங்கள். சூரை மீனைத் துண்டு போட்டு உப்பில் அடுக்கியது இங்கேதான். சில தொட்டிகள் சதுரம், சில கிணறுபோல் வட்டம். அருகில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். பிடித்த மீன் எவ்வளவு சீக்கிரம் உப்புக்குள் போயிருக்கும் என்பது அங்கேதான் புரிந்தது. 'காரும்' என்ற மீன்சாறும் இங்கே தயாரானது. நம் அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியச் சாடித் துண்டுகளிலும் மீன்சாறு வந்த சாடிகள் உண்டு என்பதை நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது.

படி 4: மாலையில் குன்று

நடுப்பகலில் மணல் கொதிக்கும். வெயில் தாழ்ந்தபின் கடற்கரையின் மேற்குக் கோடிக்கு நடந்து, நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுங்கள். செடிகளை மிதிக்காதீர்கள்; மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து ஆப்பிரிக்க மலைகள் தெரியும்.

பின்சேர்க்கை: ஞாயிறு மாலை 4 மணிக்கு இடிபாடுகளைப் பார்க்கப் போய்ப் பூட்டிய வாசலைப் பார்த்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் 3 மணிக்கே மூடிவிடுகிறார்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், வருந்துகிறேன்.