டேஷ்கேமை ஃபியூஸ் பாக்ஸில் இணைப்பது எப்படி (நான் ஒருமுறை சொதப்பிய பிறகு)

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று சத்தம் மட்டும்தான், பேட்டரி காலி. பின்சீட்டில் மகள் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்து வீட்டு அண்ணன் லுங்கியோடு ஜம்பர் கேபிளை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். இரண்டு வாரத்துக்கு முன்னால் டேஷ்கேமை, அதாவது முன்கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் பதிவுசெய்யும் கேமராவை, நானே மாட்டிவிட்டேன் என்று அவரிடம்தான் பெருமை அடித்திருந்தேன்.

கண்ணாடியில் ஒட்டுவது, வயரை மேல்விளிம்பில் செருகுவது எல்லாம் நீங்களே செய்துவிடுவீர்கள். ஒன்று மட்டும்: முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் வயரை அதன் பின்பக்கமாகத்தான் கொண்டுபோக வேண்டும், மேலே குறுக்காகப் போகக் கூடாது.

வாங்க வேண்டியவை ஹார்டுவயர் கிட் (கேமராவை ஃபியூஸ் பாக்ஸோடு இணைக்கும் வயர்கள்), இரண்டு ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகி, அங்கிருந்து இன்னொரு வயருக்குக் கரன்ட் எடுக்க உதவுவது), வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் மீட்டரே போதும். டெஸ்ட் லாம்ப் வைத்தே முடித்துவிடலாம் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கரன்ட் இருக்கிறதா என்று சொல்லுமே தவிர எத்தனை வோல்ட் என்று சொல்லாது. ஃபியூஸ் டேப்பை ஆன்லைனில் வாங்கும் முன் உங்கள் ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கி அளவு பாருங்கள். மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ2 என்று பல வகை உண்டு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று சரியாக உட்காராமல் போகலாம். சென்னையில் இருப்பவர்கள் பழைய ஃபியூஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போய்விடுவது உத்தமம்.

என் கிட்டில் மூன்று வயர். கறுப்பு எர்த்: பெயின்ட் பூசாத ஒரு பாடி போல்ட்டில் இறுக்குங்கள். மஞ்சள் எப்போதும் கரன்ட் இருக்கும் ஃபியூஸுக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஃபியூஸுக்கு. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கேமராவுக்குச் சொல்வது இந்தச் சிவப்புதான்.

நான் கோட்டை விட்டது இங்கேதான். சாவியைப் போட்டு மீட்டரை வைத்தேன், 12 வோல்ட் காட்டியது, சரி என்று சிவப்பைச் செருகிவிட்டேன். சாவியை எடுத்த பிறகு மறுபடி பார்க்கவே இல்லை. அது எப்போதும் கரன்ட் உள்ள ஃபியூஸ். கேமரா, வண்டி ராத்திரி பகலாக ஓடுவதாக நினைத்துக்கொண்டு முழுப்பதிவில் இருந்திருக்கிறது. அப்புறம் அளந்து பார்த்தேன், ஏறக்குறைய 0.4 ஆம்பியர். வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை 60 மணி நேரம், அதாவது 24 ஆம்பியர்-மணி (Ah). என் பேட்டரியின் கொள்ளளவு மொத்தமே 35 Ah, அதுவும் மூன்று வயதானது.

அதனால் சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். சில ஃபியூஸ்களில் வண்டியை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கரன்ட் இருந்துகொண்டே இருக்கும், உடனே பார்த்தால் ஏமாந்துபோவோம். சிவப்புக்கு 12 வோல்ட் சாக்கெட் ஃபியூஸ், மஞ்சளுக்கு ஹாரன் அல்லது உள்விளக்கு ஃபியூஸ், இவைதான் என் தேர்வு. ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் ஃபியூஸ் பக்கம் கையே வைக்காதீர்கள்.

ஃபியூஸ் டேப்புக்கும் திசை உண்டு. டேப்பைச் செருகிவிட்டு, அதில் இருக்கும் வண்டியின் பழைய ஃபியூஸை மட்டும் எடுத்துப் பாருங்கள். டேப்பின் வயரில் அப்போதும் 12 வோல்ட் வந்தால் திசை சரி, வரவில்லை என்றால் டேப்பைத் திருப்பிப் போடுங்கள். சிவப்பைச் சோதிக்கும்போது சாவி போட்டிருக்க வேண்டும்.

அடுத்து கட் ஆஃப் வோல்டேஜ், அதாவது பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் கிட் கேமராவை நிறுத்த வேண்டும் என்பது. என் கிட்டில் 11.6 வைத்தே வந்தது. நல்ல பேட்டரி முழு சார்ஜில் 12.6 காட்டும், 12.2க்கு வரும்போதே ஏறக்குறைய பாதி காலி, 11.6 என்றால் ஸ்டார்ட் ஆவது சந்தேகம்தான். அந்த செட்டிங்கை யாருக்காக வைத்தார்கள் என்றே புரியவில்லை. 12.2 வையுங்கள். வண்டி நிற்கும்போது நடக்கும் பார்க்கிங் பதிவு சீக்கிரம் நின்றுவிடும், நிற்கட்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், எல்லாம் சரியாக மாட்டியும் நான்கே நாளில் மெமரி கார்டு நிறைந்து பதிவு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தார். அதிர்வை உணரும் ஜி சென்சார் 'ஹை'யில் இருந்திருக்கிறது. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றையும் விபத்து என்று எண்ணி அந்தப் பதிவை அழியாமல் பூட்டிவைக்கும், பூட்டியதன் மேல் புதிதாக எழுதாது. 'லோ'வில் வைத்து, கார்டை ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். நேர மண்டலத்தையும் அப்போதே +5:30க்கு மாற்றிவிடுங்கள், என் முதல் வாரப் பதிவுகளில் மத்தியான வெயிலில் காலை ஆறரை என்று ஓடுகிறது.