குரோஷியாவின் இளம் ஸ்ட்ரைக்கரைக் கணிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வருடத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும். குரோஷியாவின் பெரிய கிளப்களான டினாமோ ஜாக்ரெப்பிலோ ஹைடுக் ஸ்பிளிட்டிலோ பதினேழு வயசுப் பையன் ஒருவன் இரண்டு கோல் போடுவான். மறுநாள் காலையில் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நிமிட வீடியோ ஒன்று வந்து விழும். பின்னணியில் காதைக் கிழிக்கும் இசை, தலைப்பில் 'அடுத்த மாண்ட்ஜுகிச்', அதாவது அந்த நாட்டின் புகழ்பெற்ற ஸ்ட்ரைக்கர். மத்தியானத்துக்குள் யாராவது அவனை ரியல் மாட்ரிட்டுக்கு அனுப்பி வைத்துவிடுவார்கள்.

நானும் அப்படி அனுப்பி வைத்தவன்தான். 2012-ல் அலென் ஹலிலோவிச் 16 வயதில் டினாமோ முதல் அணியில் இறங்கியபோது, இந்தப் பையன் உலகை ஆளப்போகிறான் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் ஸ்ட்ரைக்கர்கூட இல்லை, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுகிறவர். ஆனால் நான் செய்த தவறு எல்லாருக்கும் பொதுவானது. 2013 ஜூனில், 17 வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கும்போதே தேசிய அணியில் ஆடினார். 2014-ல் பார்சிலோனா வாங்கியது. அப்புறம்? பார்சிலோனாவின் முதல் அணிக்காக லீக்கில் ஒரு ஆட்டம்கூட இல்லை. ஹிஹோன், ஹாம்பர்க், லாஸ் பல்மாஸ், மிலான், லீஜ், ஹீரன்வீன், பர்மிங்ஹாம், ரெடிங் என்று ஊர் ஊராகப் பெட்டி தூக்கினார்.

எங்கே பிசகினேன் என்று பார்க்க, பேர் சொல்லும்படி வந்த குரோஷிய முன்கள வீரர்களின் ஆரம்ப வருடங்களை எடுத்து வைத்துப் படித்தேன். நாம் கோலையும் விலையையும் கிளப்பின் பெயரையும் பார்க்கிறோம். அவர்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள், எந்த இடத்தில் நிறுத்தப்பட்டு ஆடினார்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஜூனியர் கோல்களை எண்ணுவது

ஆந்த்ரேய் கிரமாரிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் ஜாக்ரெப்பில் பிறந்தவர். டினாமோ அகாடமியின் ஜூனியர் அணிகளுக்காக 450-க்கும் மேல் கோல் போட்டார் என்று அவரைப் பற்றி எழுதும் எல்லாரும் சொல்வார்கள். அசுரக் கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் இருபது வயதில் அவர் டினாமோவின் நிரந்தர ஸ்ட்ரைக்கராக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. முதல் அணியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வாய்ப்பு கிடைத்தது.

காரணத்தை யோசித்தால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஜாக்ரெப்பைச் சுற்றியுள்ள திறமைகளையெல்லாம் டினாமோ அகாடமி உறிஞ்சிக்கொள்ளும். எதிரில் வருவது சின்ன ஊர் அணி. ஆட்டத்தின் முக்கால்வாசி எதிராளியின் பெனால்ட்டி பாக்ஸைச் சுற்றியே நடக்கும். புத்தியுள்ள ஸ்ட்ரைக்கர் அங்கே கோல் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த 450-ல் தெரிவது பையனுக்குக் கோல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியும் என்பது மட்டுமே. முப்பது வயது டிஃபெண்டர் முதுகில் முழங்கையை வைத்து அழுத்தும்போது பந்தை நிறுத்துவானா என்பதற்கு அதில் விடை கிடையாது.

கிரமாரிச்சுக்கு விடை கிடைத்தது வேறு இடத்தில். அதே நகரத்தின் இன்னொரு கிளப்பான லோகோமோட்டிவாவுக்கு லோனில், அதாவது தற்காலிகக் கடனாக, போனார். 2012-13 பருவத்தில் அங்கே லீக்கில் 15 கோல். லோகோமோட்டிவா அந்த வருடம் இரண்டாம் இடம் பிடித்தது. ஜூனியர் கணக்கில் 15 என்பது ஒரு நல்ல மாதத்துக்கு வந்துவிடும். ஆனால் அவரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த 450-ஐவிட இந்த 15-ல்தான் அதிகம்: வாரம் தவறாமல், பெரிய ஆட்களுக்கு எதிராக, தோற்றால் கேள்வி கேட்கும் அணியில் போட்டவை. 2013-ல் டினாமோவை விட்டு ரியேகா கிளப்புக்குப் போனார். 2014-ல் ரியேகா குரோஷியக் கோப்பையை வென்றது, அதுவும் இறுதியில் டினாமோவையே வீழ்த்தி. அவரை வளர்த்த வீட்டில் அன்று ராத்திரி என்ன பேசியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றும் ஒரு ஆசை.

உள்ளூர் லீக் கோலை அப்படியே யூரோவாக மாற்றுவது

2014-15 பருவத்தின் முதல் பாதியில் கிரமாரிச் 18 லீக் ஆட்டங்களில் 21 கோல் போட்டார். ஜனவரியில் லெஸ்டர் சிட்டி தன் வரலாற்றிலேயே அதுவரை கொடுத்திராத தொகை கொடுத்து வாங்கியது. அடுத்த பருவத்தில் லெஸ்டர் இங்கிலாந்து சாம்பியன் ஆனது. அந்தப் பருவத்தில் கிரமாரிச் லீக்கில் ஆடியது இரண்டே ஆட்டங்கள்.

குரோஷிய லீக்கில் 2013-லிருந்து பத்தே அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பதோடும் நான்கு முறை மோதும், மொத்தம் 36 ஆட்டம். ஒரே டிஃபெண்டரை வருடத்துக்கு நான்கு தடவை பார்க்கிறீர்கள். அவன் எந்தக் காலில் திரும்புவான், எப்போது மூச்சு வாங்குவான் என்பதெல்லாம் அத்துப்படி ஆகிவிடும். டினாமோ, ஹைடுக், ரியேகா போன்ற பெரிய அணிகளில் ஆடுகிறவனுக்கு வாய்ப்புகளும் கொட்டும். 2023 ஜனவரியில் அந்த நாடு குனாவை விட்டுவிட்டு யூரோவுக்கு மாறியது. கோல்களுக்கு மட்டும் அப்படி ஒரு நிலையான மாற்று விகிதம் யாரும் அறிவிக்கவில்லை.

எண்ணிக்கை ஏமாற்றும் என்பதற்கு இதே லீக்கில் இன்னொரு ஜோடி. 2006-07-ல் டினாமோவின் எடுவார்டோ டா சில்வா லீக்கில் 34 கோல் போட்டார். ஆர்சனல் அவரை வாங்கியது. அந்த இடத்துக்கு வந்தவர் மரியோ மாண்ட்ஜுகிச். 2008-09-ல் லீக்கின் அதிக கோல் அடித்தவர் அவர்தான், ஆனால் எண்ணிக்கை 16. பாதிக்கும் குறைவு! அட்டவணையை மட்டும் பார்த்தவர்கள் இவரை இரண்டாந்தரம் என்றிருப்பார்கள். எதிர் அணியின் டிஃபெண்டர் பந்தை வாங்கித் தலையை நிமிர்த்துவதற்குள் இவர் அங்கே நிற்பார், அதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை. 2013-ல் பேயர்ன் மியூனிக்குக்காக சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கோல் போட்டதும், 2018 உலகக் கோப்பை அரையிறுதியில் 109-வது நிமிடத்தில் இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பியதும் இந்த 16 கோல்காரர்தான்.

பெஞ்சில் இருப்பதைத் தோல்வி என்று எழுதுவது

மாண்ட்ஜுகிச் 2010-ல் ஜெர்மனியின் வூல்ஃப்ஸ்பர்க் கிளப்புக்குப் போனபோது அங்கே நட்சத்திர ஸ்ட்ரைக்கர் எடின் ஜெக்கோ இருந்தார். ஜெக்கோ இருக்கும் அணியில் நடுவில் யாருக்கு இடம்? ஓரத்தில் ஆடினார், பெஞ்சில் உட்கார்ந்தார். 2011 ஜனவரியில் ஜெக்கோ மான்செஸ்டர் சிட்டிக்குப் போய், கோச்சும் மாறிய பிறகு, பருவத்தின் கடைசிக் கட்டத்தில் கோல்கள் வந்தன. பருவ முடிவில் 8. டிசம்பரில் தீர்ப்பு எழுதியவர்கள் அதை மே மாதம் அழித்திருக்க வேண்டும்.

கிரமாரிச் கதையும் இதுதான். 2016 ஜனவரியில் லெஸ்டரிலிருந்து ஹோஃபன்ஹைமுக்கு லோனில் போனார். அந்த அணி அப்போது கீழ் டிவிஷனுக்கு இறங்கும் பயத்தில் இருந்தது. பிப்ரவரியில் 28 வயது யூலியன் நாகல்ஸ்மன் கோச்சாக வந்தார். அணி தப்பித்தது, கிரமாரிச் அங்கேயே தங்கினார். இன்று ஜெர்மனியின் முதல் டிவிஷனான பண்டஸ்லிகாவில் ஹோஃபன்ஹைமுக்காக அதிக கோல் அடித்தவர் அவர், நூறைத் தாண்டிவிட்டார். முதலிடத்துக்குப் போட்டியிடும் அணியை விட்டுவிட்டு மூழ்கும் படகில் ஏறுகிறானே என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. ஆடுவதற்கு நிமிடங்கள் அந்தப் படகில்தான் இருந்தன.

அதனால் லோன் என்றாலே நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு ஊர், ஒவ்வொரு ஊரிலும் புதுக் கோச், புது மொழி என்றால் யாருக்கும் கால் ஊன்றாது. யாரிடம், எதற்காகப் போகிறான் என்று கேளுங்கள். அந்த அணிக்கு ஸ்ட்ரைக்கர் இல்லாமல் தவிப்பா, அல்லது பெஞ்சில் ஒரு நாற்காலி காலியா?

வயசை வைத்துக் கணக்கை முடிப்பது

இதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது. 'இருபத்து மூணு ஆச்சு, இன்னும் ஒண்ணும் கிழிக்கலையே' என்பார்கள். ஆன்டே புடிமிரைப் பாருங்கள். பொஸ்னியாவின் ஸெனிட்சாவில் பிறந்தவர். 2014-15-ல் ஹாம்பர்க்கின் செயின்ட் பவுலியில் ஆடினார். ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷன். லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. ஸ்ட்ரைக்கருக்கு 23 வயதில் இதைவிட மோசமான ஆண்டு இருக்க முடியுமா? அடுத்த வருடம் தெற்கு இத்தாலியின் குரோட்டோனேவுக்குப் போய் அங்கத்திய இரண்டாம் டிவிஷனான சீரி பி-யில் 16 கோல் போட்டார். அந்தச் சின்ன ஊர் அணி வரலாற்றில் முதல் தடவையாக சீரி ஏ-வுக்கு ஏறியது. தேசிய அணிக்கு முதலில் ஆடியது 2020-ல், 29 வயதில். 2024-25-ல், 33 வயதில், ஒசாசுனாவுக்காக ஸ்பெயினின் லா லிகாவில் 21 கோல்.

ஹைடுக் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் மார்கோ லிவாயாவும் இப்படித்தான். சின்ன வயதில் இன்டர் மிலானுக்குப் போய், இத்தாலி, ரஷ்யா, ஸ்பெயின், கிரீஸ் என்று சுற்றிவிட்டு 2021-ல் சொந்த ஊரான ஸ்பிளிட்டுக்குத் திரும்பி, அடுத்த வருடமே 28 கோலோடு லீக்கில் முதலிடம்.

சின்னச் சின்னத் தவறுகள்

டிரான்ஸ்ஃபர் வதந்திகளைப் பகிர்வதற்கு முன் பையனின் வயதைப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழானவர்கள் நாடு விட்டு நாடு கிளப் மாறுவதை ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 முடிந்தவர்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. குரோஷியா 2013 ஜூலையிலிருந்து ஒன்றியத்தில் இருக்கிறது. பிரிட்டன் வெளியேறிவிட்டது. எனவே 16 வயது ஜாக்ரெப் பையன் 'அடுத்த வாரம் மான்செஸ்டரில் சேர்கிறான்' என்று வந்தால், சரி, நல்ல கற்பனை என்று நகர்ந்துவிடலாம். ஜெர்மனி, இத்தாலி என்றால் கொஞ்சம் காது கொடுக்கலாம்.

குரோஷிய வீரன் என்றால் குரோஷியாவில்தான் வளர்ந்திருப்பான் என்றும் நினைக்க வேண்டாம். மாண்ட்ஜுகிச் போர்க்காலத்தில் குடும்பத்தோடு ஜெர்மனி போய், ஸ்டுட்கார்ட் பக்கத்தில் டிட்ஸிங்கனில்தான் பந்து உதைக்கத் தொடங்கினார். எடுவார்டோ பிறந்தது ரியோ டி ஜெனிரோவில்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் ஒரு தப்பு: குரோஷிய மொழியில் ஆங்கில 'ஜே' எழுத்து வந்தால் 'ய' என்றுதான் படிக்க வேண்டும். லிவாஜா இல்லை, லிவாயா. ரிஜேகா இல்லை, ரியேகா. கமென்ட்ரி கேட்டே பெயர் கற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நான் தவறவிட்ட ஒருவர்

கடைசியாக ப்ரூனோ பெட்கோவிச். பதின்ம வயதில் இத்தாலியின் கட்டானியாவுக்குப் போனவர். வாரேசே, ரெஜ்ஜானா, என்டெல்லா, டிராப்பானி, போலோன்யா, வெரோனா. 2018-ல் டினாமோ அவரை வீட்டுக்கு அழைத்தபோது, இத்தாலியில் விலைபோகாத சரக்கு என்றுதான் நானும் நினைத்தேன். கோல் குறைவு, அது உண்மை. பந்தை வாங்கி, ஆளை முதுகில் தாங்கி, வருகிறவனுக்குக் கொடுக்கும் வேலையைத்தான் அவர் அதிகம் செய்வார். அந்த வேலைக்கு ஹைலைட்ஸ் வீடியோ கிடையாது. முழு ஆட்டம் பார்த்தால்தான் தெரியும், நான் பார்த்ததில்லை.

2022 டிசம்பர் 9, உலகக் கோப்பை காலிறுதி. நெய்மர் கோலால் பிரேசில் முன்னிலை, கூடுதல் நேரத்தில் மூன்று நிமிடம்தான் மிச்சம். நம்ம ஊரில் ராத்திரி பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது, டிவியை அணைக்க ரிமோட்டை எடுத்துவிட்டேன். இடது பக்கம் குரோஷியாவின் ஓர்சிச் ஓடினார். உள்ளே இழுத்துக் கொடுத்தார். மாற்று வீரராக வந்திருந்த பெட்கோவிச் இடது காலால் அடித்தார். பிரேசில் டிஃபெண்டர் மார்க்கின்யோஸ் மேல் பட்டுத் திசை மாறி, கோல்கீப்பர் அலிசனைத் தாண்டி உள்ளே போனது. 117-வது நிமிடம். பெனால்ட்டியில் குரோஷியா 4-2 என்று வென்றது. அந்த 120 நிமிடத்தில் குரோஷியா கோலுக்கு நேராக அடித்த பந்து அது ஒன்றே ஒன்றுதான்.