பகிர்ந்துகொள்ளும் மெயின்ஃப்ரேமில் திறமூல மென்பொருளைத் தொகுப்பது எப்படி?

தனி நிரலாளர் ஒருவர் மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினியை வாங்குவது நடக்கிற காரியம் அன்று. ஆயினும், தம் மென்பொருள் அதன் செயலிக் கட்டமைப்பான எஸ்390எக்ஸில் இயங்குமா என்று பார்க்க விரும்புவோருக்கு, ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ்ஒன் கம்யூனிட்டி கிளவுட், பலர் பகிர்ந்துகொள்ளும் பெருங்கணினியிலிருந்து ஒரு மெய்நிகர் கணினியை 120 நாள்களுக்குக் கட்டணமின்றி வழங்கிவந்துள்ளது.

பதிவு செய்தபின், ரெட் ஹாட், சூசே, உபுண்டு ஆகியவற்றுள் உங்களுக்குப் பழகிய லினக்ஸைத் தேர்ந்து, தொலைவிலிருந்து அக்கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி இணையை உருவாக்குங்கள். அந்தரங்கச் சாவிக் கோப்பை உரிமையாளர் மட்டுமே படிக்கும்படி அனுமதியைச் சுருக்காவிட்டால், எஸ்எஸ்எச் அதை ஏற்காது.

உள்ளே நுழைந்ததும், மூலநிரலை இயங்கு நிரலாக்கும் ஜிசிசி தொகுப்பி, மேக் கட்டுமானக் கருவி, கிட் பதிப்புக் கருவி ஆகியவற்றை வழக்கம்போல் நிறுவலாம். இன்டெல் கணினிக்கென உருவான இருமக் கோப்புகள் இங்கே ஓடா. ஆகவே சார்பு நூலகங்களுக்கு எஸ்390எக்ஸ் பொதி கிடைக்காதபோது அவற்றையும் மூலநிரலிலிருந்தே தொகுக்க வேண்டும். பைத்தான் பொதிகளில் இது அடிக்கடி நேரும். மெயின்ஃப்ரேம் என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். உங்கள் பங்குக்கு வருவது ஓரிரு செயலிகளும் அளவான நினைவகமுமே. பெரிய சி++ நிரலை இணைக்கும் கட்டத்தில் நினைவகம் தீர்ந்து தொகுப்பு பாதியில் நின்றால், ஒரே நேரத்தில் ஓடும் பணிகளைக் குறைப்பதே முதல் மருந்து.

தொகுப்பு பிழையின்றி முடிந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சோதனைகளை ஓட்டிப் பார்ப்பதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். எஸ்390எக்ஸ் ஒரு பிக் எண்டியன் கட்டமைப்பு, அதாவது எண்ணின் உயர்மதிப்புப் பைட்டை முதலில் வைப்பது. பதினாறடிமான எண் 12345678, இன்டெல் நினைவகத்தில் 78 56 34 12 என்று அமரும். இங்கே 12 34 56 78 என்றே அமரும். கோப்பிலிருந்தோ வலையிலிருந்தோ வந்த பைட்டுகளை, நினைவக முகவரியைக் குறிக்கும் சுட்டியின் வகையை மாற்றி நேரே எண்ணாகப் படிக்கும் நிரல், எந்த எச்சரிக்கையும் இன்றித் தவறான விடை தரும். அத்தகைய இடங்களில் பைட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திச் சேர்த்து எண்ணை உருவாக்குங்கள். அது இரு கட்டமைப்புகளிலும் சரியாக இயங்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. சி மொழியின் எழுத்து வகை (char) இங்கே குறியற்றது, அதாவது எதிர்ம எண்களை ஏற்காது. கோப்பின் முடிவைக் குறிக்கும் எதிர்ம மதிப்பை அவ்வகை மாறியில் வாங்கி ஒப்பிட்டால், ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாமல் சுழற்சி முடிவின்றி ஓடும். அந்த மாறியை முழு எண் வகைக்கு மாற்றுங்கள்.

திருத்தங்களை அன்றன்றே உங்கள் கிட் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுங்கள். தவணை முடிந்தபின் அந்த வட்டிலிருந்து எதையும் மீட்க முடியாது.