ஜம்பர் கேபிள் போடுவது எப்படி: கடைசிக் கறுப்புக் கிளிப்பில்தான் எல்லாம் இருக்கிறது

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு விளக்குகள் மங்கின. பானட்டுக்குள் 'டிக் டிக் டிக்' என்று சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் தாம்பரம் திரும்பிய மறுநாள் காலை அது. பதினோரு நாளாக வண்டி நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது, உள்ளே கூரை விளக்கு எரிந்தபடி. அம்மாவை ஒன்பது மணிக்குக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

அந்த 'டிக் டிக்' கேட்டால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது இன்னொரு வண்டியின் நல்ல பேட்டரியிலிருந்து கரண்டு வாங்கி ஸ்டார்ட் செய்யத்தான் ஜம்பர் கேபிள்: ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர், நான்கு முனையிலும் கிளிப். சத்தமே இல்லாமல் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தால் கோளாறு வேறு இடத்தில். அதற்கு ஜம்பர் கேபிள் உதவாது.

கேபிளை எடுக்கும் முன்

பேட்டரியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அமிலம் கசிந்திருந்தாலோ தொடாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கையில் மோதிரம், இரும்புப் பட்டை வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். கரண்டு தரும் வண்டியும் 12 வோல்ட்டாகத்தான் இருக்க வேண்டும். லாரி, பஸ்ஸெல்லாம் பெரும்பாலும் 24 வோல்ட். "பக்கத்துல லாரி நிக்குது, அதுல போட்டுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், காரின் எலக்ட்ரானிக்ஸ் மொத்தமும் போய்விடலாம். ஹைபிரிட் கார், எலக்ட்ரிக் காரிலிருந்தும் கரண்டு எடுக்க வேண்டாம்.

இரண்டு வண்டியையும் கேபிள் எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள், ஆனால் ஒன்றையொன்று தொடக் கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி. ஏசி, ஹெட்லைட், பாட்டு, சார்ஜர் எல்லாம் ஆஃப். இரண்டு வண்டியும் ஆஃபில் இருக்கட்டும்.

பிளஸ் எது, மைனஸ் எது என்று நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். சிவப்பு மூடி வெளுத்து, தூசி படிந்து, இரண்டும் ஒரே மாதிரி தெரியும். டெர்மினல் பக்கத்தில் பேட்டரியின் மேலேயே + − குறி புடைத்திருக்கும், துணியால் துடைத்துப் பாருங்கள். பிளஸ் முனை மைனஸை விடச் சற்றுத் தடிமனாகவும் இருக்கும். மாற்றிப் போட்டால் மெயின் ஃபியூஸ் போகும், சில சமயம் ஆல்டர்னேட்டரும் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) சேர்ந்து போகும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கிளிப் பிடிக்காது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

மாட்டும் வரிசை

முதல் சிவப்பு, இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில். அந்தச் சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். அப்புறம் கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில்.

இனி நான்காவது கிளிப். இறங்கிய பேட்டரியின் மைனஸ் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கை தானாக அங்கேதான் போகும். அங்கே மாட்டாதீர்கள். பேட்டரிக்குள்ளிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். கடைசிக் கிளிப் தொடும் நொடியில்தான் சுற்று முழுமையாகிறது, அப்போது ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறி பேட்டரியின் தலைமேல் பறந்தால் பேட்டரி வெடித்து முகத்தில் அமிலம் தெறிக்கலாம். அதனால் கடைசிக் கறுப்பு, இறங்கிய வண்டியின் எஞ்சினில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி.

இது எனக்கும் தெரியும். அன்று அப்படித்தான் மாட்டினேன். ஆனாலும் வண்டி 'டிக் டிக்' தான். மூன்று முறை முயன்றேன். மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, கிளிப்பு பெயின்டைக் கடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க. கரண்டு எப்படிப் போகும்? இரும்பைக் கடிக்க வைங்க."

நான் மாட்டியிருந்தது ஓரத்தில் இருந்த ஒரு போல்ட்டில். பார்க்க இரும்புதான், ஆனால் மேலே வண்டியின் நிறத்திலேயே மெல்லிய பெயின்ட் பூச்சு. அவர் கிளிப்பைக் கழற்றி, எஞ்சினைத் தூக்குவதற்காக அதன் மேலேயே இருக்கும் வெற்று இரும்புக் கொக்கியில் மாட்டினார். பல் பதியும்படி இரண்டு முறை இடமும் வலமும் திருகினார். சின்னதாக ஒரு பொறி. மங்கலாக இருந்த கூரை விளக்கு உடனே பளிச்சென்று ஆனது.

அதிலிருந்து இதுதான் என் சோதனை. சாவியைத் திருப்பும் முன் கூரை விளக்கைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் கூடியிருந்தால் பிடிமானம் சரி. கூடவில்லையென்றால் கிளிப்பை வேறு வெற்று இரும்புக்கு மாற்றுங்கள். பெல்ட், ஃபேன், பெட்ரோல் குழாய் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

இப்போது நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஓடவிடுங்கள். பிறகு உங்கள் வண்டி. ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். எடுக்கவில்லையென்றால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி.

கழற்றுவது அப்படியே தலைகீழ்: எஞ்சினில் மாட்டிய கறுப்பு முதலில், இறங்கிய பேட்டரியின் சிவப்பு கடைசியில். கழற்றும் முன் ஏசி ஃபேனைப் போட்டுவிடுங்கள், திடீரென வோல்ட்டேஜ் ஏறினால் அது தாங்கிக்கொள்ளும். ஒரு கிளிப் இன்னும் பேட்டரியில் இருக்கும்போது மற்ற கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது.

எந்தக் கேபிள் வாங்கலாம்

கடையில் ரப்பர் தடிமனைக் காட்டி விற்பார்கள். அதை விடுங்கள், உள்ளே எவ்வளவு செம்பு என்று கேளுங்கள். சின்ன பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 25. மெல்லிய கேபிள் கையில் சூடேறும், வண்டியும் எடுக்காது. லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் டப்பாவும் கிடைக்கிறது, இன்னொரு வண்டி தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் சென்னை வெயிலில் மூடிய காருக்குள் அதை வைத்திருக்க எனக்கு மனமில்லை. என் ஓட்டு கேபிளுக்குத்தான்.

ஸ்டார்ட் ஆன பிறகு

உடனே அணைத்துவிடாதீர்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அதனால் பேட்டரி முழுதாக ஏறிவிடாது, அதற்குச் சார்ஜரில்தான் போட வேண்டும். மறுநாள் காலை மல்டிமீட்டரில் பாருங்கள்: 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12-க்குக் கீழே என்றால் பேட்டரி கடையில் காட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காக

ஒருவர் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிகளில் பானட்டுக்குள் பிளஸ் முனை ஒன்று தனியாகக் கொடுத்திருப்பார்கள், மேனுவலில் படம் இருக்கும். சிக்னலில் தானாக அணையும் வண்டிகளில் மைனஸ் டெர்மினலில் சென்சார் இருக்கும். அந்த வண்டியிலிருந்து கரண்டு எடுத்தாலும் கறுப்பை மைனஸில் மாட்டாமல் எர்த் போல்ட்டில், அதாவது வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்த போல்ட்டில், மாட்டுங்கள்.

இன்னொருவருக்கு கேபிளைக் கழற்றியதுமே வண்டி நின்றுவிட்டதாம். அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர், அல்லது பேட்டரிக்குள்ளேயே ஷார்ட். மறுபடி ஜம்ப் செய்து சாலையில் இறங்காதீர்கள், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.