ரெவிட் மாதிரிகளைப் புதிய பதிப்புக்கு மாற்றுதல்

கட்டடங்களை முப்பரிமாண மாதிரியாக வடிவமைக்கும் ரெவிட் மென்பொருளின் புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் மீண்டும் திறக்க இயலாது. ஆகவே 2021 பதிப்பிலிருந்து 2024 பதிப்புக்கு மாறுவதாயின், கட்டமைப்புப் பொறியியலாளர் உட்பட அந்த வேலையில் உள்ள அனைவரும் ஒரே நாளில் மாறுவதற்கு முன்கூட்டியே உடன்பட வேண்டும்.

அந்த நாளில் எல்லோரும் தத்தம் வேலையை மையக் கோப்புடன் (அனைவரும் பகிரும் பொதுக் கோப்பு) ஒத்திசைத்து மூடிய பின்னர், முழுக் கோப்புறையையும் வெளி வன்தட்டில் பிரதியெடுங்கள். பின்னர் ஒப்பிடுவதற்காக, பழைய பதிப்பிலேயே ரெவிட் காட்டும் எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, முக்கியமான தாள்களைப் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். நல்லூரில் ஒரு நாற்சார் வீட்டின் மாதிரியை மாற்றியபோது, முற்றத்தைச் சுற்றிய ஓட்டுக்கூரைகள் சந்திக்கும் மூலையொன்றில் இணைப்பு விட்டுப்போயிருந்ததை, பழைய தாளை அருகில் வைத்து ஒப்பிட்டதாலேயே நான் கண்டுகொண்டேன்.

முதன்மைக் கோப்புடன் இணைத்த பிற மாதிரிகளை முதலில் மாற்றுங்கள். இல்லாவிடில் முதன்மைக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ரெவிட் அவற்றைத் தற்காலிகமாக மாற்றி நேரத்தை விழுங்கும். பின்பு முதன்மைக் கோப்பை 'ஆடிட்' (கோப்பின் பழுதுகளைச் சோதித்தல்), 'டிடாச் ஃப்ரம் சென்ட்ரல்' (பழைய மையக் கோப்பிலிருந்து பிரித்தல்) ஆகிய இரண்டையும் தெரிவுசெய்து திறந்து, வேர்க்செட்டுகளை (மாதிரியின் வேலைப் பிரிவுகள்) பேணியபடி, புதிய பெயரில் மையக் கோப்பாகச் சேமியுங்கள். பெரிய கோப்புகளுக்கு நீண்ட நேரம் எடுக்குமாதலால், மின்தடையை நினைவில் வைத்து யூபிஎஸ் இணைத்த கணினியிலேயே இதைச் செய்யுங்கள்.

துணைச் செருகுநிரல்களையும் புதிய பதிப்புக்குரியனவாக நிறுவ வேண்டும். கட்டடம் கையளிக்கப்படும் வரை பழைய பிரதியை அழிக்காதீர்கள்.